ஆண்டுதோறும் ஏசி கேஸ் நிரப்புவது வழக்கம்தானா?

3 மார்ச் 2024, காலை 7.50 (சிங்கப்பூர் தெம்பனிஸ் வாசகரின் கேள்வி)

என் காருக்கு எட்டு வயது. தனியார் வாடகை வாகனமாக ஓட்டுகிறேன். நண்பகலில் ஏசி காற்று வெதுவெதுப்பாக வருகிறது. பயணிகள் வாய் திறந்து சொல்வதில்லை. இறங்கிய பிறகு நட்சத்திரத்தில் கை வைத்துவிடுகிறார்கள். பட்டறையில் காட்டினேன். "கேஸ் குறைந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை நிரப்புவது எல்லாக் காருக்கும் வழக்கம்தான்" என்று சொல்லி 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறார். போன ஆண்டு இதே மாதம் இதே 80 வெள்ளி கொடுத்தேன். இது வழக்கம்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு 9.20 (என் பதில்)

வழக்கமே இல்லை. ஏசி கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓட எரிந்து தீர? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. கம்ப்ரசர் அழுத்தி அனுப்புகிறது. காரின் முகப்பில் இருக்கும் கண்டென்சரில் வெப்பத்தை இறக்கிவிட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பேன்ஷன் வால்வின் சிறு துளையைத் தாண்டியதும் அழுத்தம் விழுந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலுக்குள் கொதிக்கிறது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. மீண்டும் கம்ப்ரசர். அவ்வளவுதான் கதை.

துறைமுகத்தில் குளிர்சாதனக் கொள்கலன்களைப் பழுதுபார்த்து 22 ஆண்டுகள் சாப்பிட்டவன் நான். அங்கேயும் பெரும்பாலும் இதே ஆர்-134ஏ கேஸ்தான். ஒரு கிராம் குறைந்தாலும் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையைத் தேடாமல் நிரப்புகிறவர் உங்கள் காரை உண்டியலாக வைத்திருக்கிறார்.

80 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லுங்கள்: எப்போதும் வெதுவெதுப்பா, நிற்கும்போது மட்டுமா? காரின் அடியில் தண்ணீர் சொட்டுகிறதா? ஏசியைப் போட்டதும் எஞ்சின் பக்கம் 'டக்' என்று கிளட்ச் பிடிக்கும் ஓசை கேட்கிறதா? முன்பக்க மின்விசிறிகள் சுற்றுகின்றனவா?

4 மார்ச், காலை 6.05

நேற்று கொஞ்சம் துள்ளிவிட்டேன். "ஒரு கிராம் குறைந்தாலும்" என்றது கொள்கலன்காரனின் வாய். கொள்கலனில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைந்து கிடக்கும். வெளியே நீட்டிக்கொண்டு எதுவும் இருக்காது. பெட்ரோல் காரில் அப்படி முடியாது. பெல்ட் சுழற்ற வேண்டும் என்பதற்காகக் கம்ப்ரசரின் தண்டு வெளியே வருகிறது. அங்கே ஒரு சீல். போதாக்குறைக்கு, எஞ்சின் அதிர்வைத் தாங்க ரப்பர் ஹோஸ்கள். இந்த இரண்டு வழியாகவும் கேஸ் மெல்லக் கசியத்தான் செய்யும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதியே ஒரு காயில் உள்ள காருக்கு ஆண்டுக்கு 40 கிராம் வரை கசிவை அனுமதித்தது.

சிறிய காரில் மொத்தமே 400 முதல் 550 கிராம் வரைதான் இருக்கும். ஆகவே ஆறேழு ஆண்டு கழித்து ஒருமுறை நிரப்பினால் அது அவமானமில்லை. போன மார்ச்சில் ஒருமுறை, இந்த மார்ச்சில் இன்னொரு முறை என்றால் ஓட்டைதான். பட்டறைக்காரரை உண்டியல் என்று சொன்னதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதி நிற்கட்டும்.

4 மார்ச், காலை 6.20

'கூலிங் காயில்' தவறு, 'எவாப்பரேட்டர்' என்பதே சரி என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். நன்றி. கார்ப் பட்டறைகள் இருக்கும் காக்கி புக்கிட்டில் போய் எவாப்பரேட்டர் என்று கேட்டுப் பாருங்கள், ஒரு கணம் விழிப்பார்கள். கூலிங் காயில் என்று கேளுங்கள், விலையே வந்துவிடும்.

6 மார்ச், இரவு 10.10

கேள்வி கேட்ட தம்பியின் பதில் வந்திருக்கிறது. விரைவுச்சாலையில் ஓடும்போது பரவாயில்லை. சிவப்பு விளக்கில் நின்றால் வெப்பம். தண்ணீர் சொட்டுகிறது, ஆனால் முன்புபோல் இல்லை. கிளட்ச் பிடிக்கிறது. மின்விசிறியைப் பார்க்கவில்லை.

ஓடினால் குளிர், நின்றால் வெப்பம். இதைக் கேட்டதுமே என் கை கண்டென்சர் மின்விசிறிப் பக்கம்தான் போகும். கார் ஓடும்போது எதிர்காற்றே கண்டென்சரைக் குளிரவைத்துவிடுகிறது. நின்றால் அந்த வேலையை மின்விசிறிதான் பார்க்க வேண்டும். அது படுத்துவிட்டால் வெப்பம் வெளியேற வழியில்லை.

செலவில்லாத சோதனை ஒன்று. மதியம் இரண்டு மணிக்கு ஏசியை முழுதாகப் போட்டு, காரை நிறுத்தி வைத்து, காற்று வெப்பமாகும்வரை பொறுங்கள். பிறகு முன் கிரில் வழியாகக் கண்டென்சர்மேல் இரண்டு போத்தல் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். மின்விசிறிக்குள் விரலை விடாதீர்கள், அது கேட்காமல் சுற்றத் தொடங்கும். ஓரிரு நிமிடத்தில் காற்று குளிர்ந்தால் கோளாறு கண்டென்சர் பக்கம். சிம் லிம் டவரில் 12 வெள்ளிக்குக் கம்பி முனை வைத்த வெப்பமானி கிடைத்தது எனக்கு. அதைக் காற்றுத்துளைக்குள் செருகிவிட்டால் கையால் தொட்டுப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. இந்த ஊர் வெயிலில் 7 முதல் 10 டிகிரி வரை வந்தால் நல்ல ஏசி.

சோதனையைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் காரை நிறுத்தி வைப்பது இங்கே குற்றம். கண்டென்சரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன் என்று சுற்றுப்புற வாரிய அதிகாரியிடம் விளக்கும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

10 மார்ச், மாலை 5.40

தண்ணீர் தெளித்ததும் 19இலிருந்து 13க்கு இறங்கியதாம். எட்டிப் பார்த்தால் இரண்டு மின்விசிறிகளில் ஒன்று பிணமாகக் கிடக்கிறது. வேறொரு பட்டறையில் பிளக்கில் 12 வோல்ட் வருவதைச் சோதித்துவிட்டு, மோட்டார் போய்விட்டது என்றார்களாம். அழுத்தம் காட்டும் கேஜும் மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். எஞ்சின் ஓடாதபோது இரண்டு பக்கமும் 95 பி.எஸ்.ஐ.; ஓடும்போது கீழ்ப்பக்கம் (கம்ப்ரசருக்குள் கேஸ் போகும் பக்கம்) 40, மேல்பக்கம் (அழுத்தி அனுப்பும் பக்கம்) 230.

பாடப்புத்தக எண்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஆர்-134ஏ நின்ற நிலையில் ஏறத்தாழ 97 காட்டும். கேஸ் நிறைவாக இருக்கிறது. மின்விசிறி மோட்டாரை மாற்றுங்கள், கதை முடிந்தது.

12 மார்ச், இரவு 8.00

மோட்டார் மாற்றியாயிற்று, 190 வெள்ளி. சிவப்பு விளக்கிலும் குளிர்கிறது என்கிறார். சொன்னேன் அல்லவா?

13 மார்ச், காலை 7.15

மேலே உள்ள கடைசி இரண்டு சொற்களை என் மனைவி படித்துவிட்டு, வீட்டு ஏசியில் மூன்று மாதமாகத் தண்ணீர் ஒழுகுவதை நினைவூட்டினார்.

17 மார்ச், மதியம் 1.30

எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூரிலும் இணையத்திலும் கேஸ் டப்பா மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கித் தானே ஏற்றிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்கிறார்.

இரண்டு காரணத்துக்காக வேண்டாம் என்பேன். எவ்வளவு ஏற்றுகிறோம் என்று டப்பா சொல்லாது. கூடிவிட்டால் மேல்பக்க அழுத்தம் ஏறி, குளிர் குறைந்து, கம்ப்ரசர் மூச்சுத் திணறும். "இன்னும் குளிரவில்லையே" என்று இன்னொரு டப்பா ஏற்றுவார்கள். பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது காரணம் விளையாட்டில்லை. 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்சாதனக் கொள்கலன்கள் வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸ் ஏற்றப்பட்டிருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்று பட்டால் தீப்பற்றும் பொருளை உண்டாக்கும். காரில் கண்டென்சர், காயில் எல்லாமே அலுமினியம்தான். அந்த ஆண்டு துறைமுகத்தில் ஒவ்வொரு பெட்டியையும் திறக்கும்போது எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்குப் பிறகு பெயர் தெரியாத சிலிண்டரை நான் கையால் தொட்டதில்லை.

புதிய கார்களில் பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப் வருகிறது. பானெட்டைத் திறந்தால் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று ஒட்டுத்தாள் இருக்கும். ஒன்றில் இன்னொன்றைக் கலக்கக் கூடாது.

17 மார்ச், மதியம் 1.50

ஹைப்ரிட் கார்க்காரர்களுக்கு: உங்கள் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவது, பெல்ட் கிடையாது. உள்ளே ஊற்றும் எண்ணெயும் வேறு. பெல்ட் கம்ப்ரசருக்கு ஊற்றும் சாதாரணப் பாக் (பிஏஜி) எண்ணெய் கலந்தால் மின்காப்பு கெட்டு, கம்ப்ரசரே போய்விடலாம். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள், எனக்குப் பழக்கமில்லை.

24 மார்ச், இரவு 9.45

தம்பி மீண்டும் எழுதியிருக்கிறார். காலையும் மாலையும் நன்றாக இருக்கிறதாம். மதியம் நால்வர் ஏறினால் 14, 15 டிகிரிக்குக் கீழே வருவதில்லையாம்.

தம்பி, வெளியே 33 டிகிரி, வியர்க்கும் ஈரப்பதம், உள்ளே ஐந்து உடல்கள். ஏசி காற்றை மட்டும் குளிர்விப்பதில்லை, அதிலிருக்கும் ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் சொட்டினால் அதற்கே ஏறத்தாழ 0.7 கிலோவாட் போய்விடுகிறது. உள்சுற்றுப் பொத்தானை அழுத்துங்கள், கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். வேறு கோளாறு இருக்காது.

30 மார்ச், இரவு 11.30

புனித வெள்ளி விடுமுறைக்கு ஜொகூரில் உள்ள மூவாருக்குப் போக வேண்டியிருந்தது. சோதனைச்சாவடியில் கடப்பிதழுக்குப் பதில் கியூஆர் குறியீடு வந்துவிட்டது, இனிப் பறக்கலாம் என்றார்கள். குறியீடு பறந்தது. கார்கள் பறக்கவில்லை. முக்கால் தொட்டி பெட்ரோலோடு கடற்பாலத்தில் இரண்டரை மணி நேரம் ஊர்ந்தேன். கார் ஏசியைச் சோதிக்க இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் இந்தத் தீவில் இல்லை. என் ஏசி தோற்றது. முதல் ஒரு மணி நேரம் 12, பிறகு 17. மனைவி ஜன்னலைத் திறந்தார். எதுவும் பேசவில்லை.

ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. என் கார் பத்தாண்டு முடிந்து, சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) ஐந்தாண்டு நீட்டித்து ஓடுகிறது. அது முடிய இன்னும் 14 மாதம். கூலிங் காயிலில் கசிவு இருப்பது எனக்கு ஒன்றரை ஆண்டாகத் தெரியும். இதுவரை இரண்டு முறை கேஸ் நிரப்பியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் 70 வெள்ளி. காயில் மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். எனக்குச் சொன்ன விலை 850. கழித்துக் கூட்டிப் பார்த்து, நிரப்பியே ஓட்டிவிடலாம் என்று இருந்துவிட்டேன். அதாவது, 3ஆம் தேதி இரவு உங்களுக்கு நான் உபதேசித்ததற்கு நேர்மாறாக.

31 மார்ச், காலை 8.10

"அப்படியானால் நிரப்பியே ஓட்டுவதும் நியாயம்தானே" என்று மூவர் பிடித்துக்கொண்டார்கள். பணக் கணக்கில் நியாயம்தான், காரைப் பிரிக்கும் நாள் நெருங்கிவிட்டால். இன்னொரு கணக்கும் உண்டு. ஆர்-134ஏயின் புவி வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப்போல் 1,430 மடங்கு. வெளியே போன 240 கிராம், 343 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். கிலோமீட்டருக்கு 160 கிராம் புகை விடும் கார் 2,100 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம். இதை எழுதும்போது எனக்கே தொண்டையில் சிக்குகிறது.

5 ஏப்ரல், இரவு 10.50

240 என்று ஏன் குறிப்பாகச் சொன்னேன் என்று கேட்டார் ஒருவர். தம்பி தனிச்செய்தியில் அனுப்பிய எண் அது. இங்கே சொல்ல வெட்கமாக இருந்ததால் ஐந்து நாள் தள்ளிப்போட்டேன்.

மதிய வெப்பத்துக்கு நான் வானிலையைக் காரணம் சொன்னேன் அல்லவா? அவர் என் பேச்சைக் கேட்காமல் கேஸை இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்து எடைபோடச் சொல்லியிருக்கிறார். ஒட்டுத்தாளில் 450 கிராம். உறிஞ்சியதில் வந்தது 210. காணாமல் போனது 240.

10ஆம் தேதி நான் 'பாடப்புத்தக எண்கள்' என்று எழுதியதைப் போய்ப் படியுங்கள். இரண்டு தவறு. நின்ற நிலை அழுத்தம் கேஸின் அளவைச் சொல்லவே சொல்லாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருந்தால் போதும், 210 கிராமுக்கும் 450 கிராமுக்கும் ஒரே 95தான் காட்டும். அது வெப்பநிலையின் அளவு. சமையலறை சிலிண்டர் தீரும்வரை அழுத்தம் குறையாததுபோல. இதைப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! மின்விசிறி என்று முடிவு கட்டிவிட்ட பிறகு எண்கள் என் பக்கம் பேசுவதாகவே என் கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்தது ஓடும்போது வந்த 40, 230. கேஸ் குறைந்தால் மேல்பக்கம் இறங்க வேண்டும். மின்விசிறி செத்தால் ஏற வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இருந்ததால் ஒன்றின் குற்றத்தை மற்றொன்று மூடிவிட்டது. மின்விசிறி மாற்றிய கையோடு மீண்டும் கேஜ் மாட்டியிருந்தால் அன்றைக்கே உண்மை வெளியே வந்திருக்கும். கேட்கச் சொல்லாமல் "சொன்னேன் அல்லவா" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

முதல் பட்டறைக்காரர் "கேஸ் குறைந்திருக்கிறது" என்றாரே, அது சரி. 'வழக்கம்தான்' என்பது மட்டுமே தவறு. அன்று பாதி மன்னிப்புக் கேட்டேன், இப்போது முக்கால்.

11 ஏப்ரல், இரவு 9.00

தம்பியின் காரில் ஓட்டை அகப்பட்டது. எண்ணெய்க் கறை படிந்த இணைப்பு எங்குமில்லை; கேஸோடு எண்ணெயும் சேர்ந்து வெளியேறுவதால் கசியும் இடத்தில் தூசு ஒட்டிய ஈரக்கறை இருக்கும், முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். அடுத்து வெற்றிடம் போட்டார்கள், அரை மணி நேரம் முள் அசையவில்லை. நானாக இருந்தால் அங்கேயே ஓட்டை இல்லை என்று எழுதியிருப்பேன். வெற்றிடத்தில் ஒரு வளிமண்டல வேறுபாடுதான். ஓடும்போது அதைப்போல் பல மடங்கு. உள்ளே உறிஞ்சும்போது இறுகிக்கொள்ளும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வெளியே தள்ளும்போது வழிவிடும்.

அந்தப் பட்டறையில் ஒரு சீனப் பெரியவர். வேலை செய்கிற பையனிடம் கொஞ்சம் கேஸ் ஏற்றி ஏசியை ஓட்டச் சொல்லிவிட்டு, அணைத்துவிட்டு, காப்பி குடிக்கப் போய்விட்டாராம். கால்மணி நேரம் கழித்து வந்து, காரின் அடியில் தண்ணீர் சொட்டும் வடிகுழாயின் வாயில் கசிவுமானியை வைத்தார். அது அலறியது. கேஸ் காற்றைவிடக் கனம். காயிலில் கசிந்தது பெட்டிக்குள் தாழ்ந்து, வடிகுழாய் வழியாகத்தான் இறங்கும். அதற்காகத்தான் அந்தக் காப்பி.

இந்தப் பெரியவர் கையில் ஒருநாள் பயிற்சி எடுத்தால் தேவலை என்று தோன்றியது.

20 ஏப்ரல், மாலை 6.30

புதிய காயில், புதிய வால்வு, புதிய டிரையர். குழாயைத் திறந்துவிட்டால் டிரையரை மாற்றியே ஆக வேண்டும். அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துப் பயனற்றுவிடும். பழைய காயிலில் தங்கிய எண்ணெய்க்கு ஈடாகக் கொஞ்சம் எண்ணெய். நைட்ரஜன் ஏற்றி ஓர் இரவு காத்திருந்து, வெற்றிடம் போட்டு, தராசு வைத்து 450 கிராம். மொத்தம் 920 வெள்ளி, இரண்டு நாள் வருமானம் தனி. அவர் சிஓஇ முடிய இன்னும் ஈராண்டு. அவருக்கு இந்தக் கணக்கு சரி. மதியம் இரண்டு மணிக்கு, நால்வரோடு, 8 டிகிரி.

டேஷ்போர்டை மாட்டிய பிறகு கையுறைப் பெட்டிப் பக்கம் ஏதோ கிறீச்சிடுகிறதாம். அதைப் பற்றி நான் கருத்துச் சொல்லப்போவதில்லை.

20 ஏப்ரல், மாலை 6.45

எங்கள் வீட்டு ஏசியில் வடிகுழாய் அடைத்திருந்தது. உறிஞ்சி எடுக்கப் பத்து நிமிடம். நான்கு மாதமும் பத்து நிமிடமும் என்று சொல்லச் சொல்கிறார் மனைவி.

27 ஏப்ரல், இரவு 10.00

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு என் காரை அந்தப் பெரியவரிடம் கொண்டுபோகிறேன். 13 மாதத்துக்கு 850 வெள்ளி. கணக்கு இன்னும் உதைக்கிறது. முதலில் எடைபோட்டுச் சொல்லட்டும். தம்பி அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாராம்: "ஏசி கேஸ் என்ன பெட்ரோலா என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வருவார், கோபித்துக்கொள்ளாதீர்கள்."